இடப்பக்கம் திரும்பிய கழுகு

அன்று காலை பல் துலக்கி முடிப்பதற்குள் எம்பிராய்டரிக் கடைக்காரர் ஒரு சபதம் எடுத்துவிட்டார். இன்னும் ஒரு வருஷத்துக்குள் இந்த ஊரில் கழுகு இல்லாத நெஞ்சே இருக்கக் கூடாது.

"என்ன கழுகு?" என்றாள் அவர் சம்சாரம்.

"பட்டாளத்துக் கழுகு!"

"வாய் நிறைய நுரையை வெச்சுக்கிட்டு முழங்காதீங்க. சுவரெல்லாம் தெறிக்குது. கொப்புளிச்சிட்டு வந்து சொல்லுங்க."

கொப்புளித்துவிட்டு வந்து சொன்னார். விஷயம் இதுதான். முந்தின நாள் பழைய துணி விற்கிற தெருவில், குவியலுக்கு அடியில் தோள் வரைக்கும் கையை விட்டு, பச்சை ஜாக்கெட் ஒன்றை உருவி எடுத்திருந்தார். யாரோ ஒரு பட்டாளத்துக்காரர் போட்டுத் தேய்த்தது. அதன் கையில் ஒரு பேட்ஜ். வட்டத்துக்குள் கழுகுத் தலை, கீழே குறுக்கும் நெடுக்குமாய் இரண்டு வாள். கழுகுப் படை என்றால் ஊரில் பேசத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் தெரியும். பனி மலையில் மூன்று ராத்திரி ஊர்ந்து போய்ப் பாலத்தைப் பிடித்தவர்கள். பாதிப் பேர் திரும்பி வரவில்லை.

நம் கடைக்காரருக்கும் பட்டாளத்துக்கும் என்ன உறவு என்று கேட்டால், பச்சை நிறம் பிடிக்கும் என்பதோடு சரி. மனுஷன் வாழ்க்கையில் ஒரு வரிசையில் ஒழுங்காக நின்றதில்லை. வீட்டில் பல்லி விழுந்தால் நாற்காலி மேல் ஏறிக்கொண்டு சம்சாரத்தைக் கூப்பிடுவார். எட்டு மணிக்கு முன்னால் சூரியன் எப்படி இருக்கும் என்று அவருக்குக் கேள்வி ஞானம்தான்.

வீட்டின் முன் அறைதான் கடை. அதில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு ஒரே ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின். துணியை வளையத்தில் இறுக்கி மாட்டி, பட்டனை அமுக்கினால் தானே தைத்துக்கொள்ளும். நூல் அறுந்தால் நின்றுகொண்டு 'பீப் பீப்' என்று அழும். அது அழுதால் ஓடி வருகிறவள் சம்சாரம். எண்ணெய் போடுகிறவள் அவள். ஊசி மாற்றுகிறவள் அவள். கடைக்காரரின் வேலை, மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களிடம் "நம்ம மெஷின்" என்று சொல்வது.

"இந்தக் கழுகைச் சட்டையில தைச்சு விக்கப் போறேன்," என்றார். "சும்மா சட்டையை எவன் வாங்கறான்? நெஞ்சுல ஒரு கழுகு உக்காந்தா சட்டைக்கே ஒரு வீரம் வந்துடும்."

"அடுத்தவங்க பேட்ஜை நம்ம சட்டையில தைச்சு விக்க அனுமதி வாங்க வேண்டாமா?"

"யார்கிட்ட? கழுகுகிட்டயா?"

"கழுகுப் படைகிட்ட."

"அவங்களுக்கு நாட்டைக் காக்கிற வேலை தலைக்கு மேல கெடக்கு. என் சட்டையைப் பாத்துக்கிட்டா உக்காந்திருப்பாங்க? போ, போய்க் காப்பி போடு."

அன்றைக்கே வேலையை ஆரம்பித்தார். பேட்ஜின் முன்பக்கம் வெயிலிலும் மழையிலும் வெளுத்துப் போய், கழுகு வயசான கோழி மாதிரி இருந்தது. பிரித்தெடுத்துத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்து நூல் நேற்றுத் தைத்தது போலப் பளபளவென்று இருந்தது. "ஆகா!" என்று பின்பக்கத்தின் மேலேயே மெல்லிய தாளை வைத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, வரி வரியாக வரைந்து முடித்தார். பார்த்ததுமே சம்சாரம் சொன்னாள்.

"என்னங்க, பின்பக்கம் பாத்து வரைஞ்சா எல்லாம் மாறிடும். ஜாக்கெட்டுல கழுகு வலப்பக்கம் பாத்துச்சு. நீங்க வரைஞ்சது இடப்பக்கம் பாக்குது."

"கழுகுக்குக் கழுத்து இருக்கு. எந்தப் பக்கம் வேணாலும் திரும்பும்."

"அப்புறம் யாராவது கேட்டா?"

"எவன் கேப்பான்? நெஞ்சுல இருக்கிறதைப் போட்டுக்கிறவன் குனிஞ்சுதான் பாக்கணும். குனிஞ்சா அவனுக்குத் தொப்பைதான் தெரியும். நீ வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு. இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்."

இருபது வருஷமாகத் தொழிலில் இருந்தது அவள். அவர் தொழிலுக்குப் பக்கத்தில் இருந்தார். தாள் டிசைன்காரரிடம் போயிற்று. ஒரு சின்னப் பென் டிரைவுக்குள் கழுகு அடங்கி வந்தது. மெஷின் தடதடவென்று இடப்பக்கம் பார்த்த கழுகுகளாகப் பொரித்துத் தள்ள ஆரம்பித்தது.

சட்டை விற்றதைச் சொல்லவே வேண்டாம். நெஞ்சுக்குள் ஒன்றும் இல்லாதவனுக்கு நெஞ்சுக்கு மேல் ஏதாவது வேண்டும் போலிருக்கிறது. பல் டாக்டர் மூன்று வாங்கினார். "இதைப் போட்டுக்கிட்டு நின்னா ஆளுங்க கத்தாம பல்லைக் குடுக்கறாங்க," என்றார். மாடிப்படி ஏறினால் நடுப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிற சலூன்காரர் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு, கத்தரிக்கோலை வாள் மாதிரிப் பிடித்துப் போட்டோவே எடுத்து, சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவிட்டார். கடைவீதியில் நாலு பேர் நின்றால் மூன்று கழுகு. உயிரைக் கொடுத்தவர்களுக்குக் கிடைத்ததை காசு கொடுத்தவர்களெல்லாம் போட்டுக்கொண்டு காய்கறிக்குப் பேரம் பேசினார்கள்.

சலூன்காரர்தான் முதலில் கேட்டார். "ஏண்ணே, நீங்களும் கழுகுப் படையில இருந்தீங்களா?"

இல்லை என்று சொல்ல மூன்று எழுத்துப் போதும். கடைக்காரர் சொல்லவில்லை. எதிரே தெரு முனையில் நின்ற மின்கம்பத்துக்கும் அப்பால் எங்கேயோ பார்த்தார். மெதுவாக ஒரு பெருமூச்சு விட்டார். அவ்வளவுதான். சலூன்காரர் கண் கலங்கி, "சொல்ல வேண்டாம்ணே, சொல்ல வேண்டாம். எனக்குப் புரியுது," என்று இன்னொரு சட்டை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாளிலிருந்து ஊருக்கு அவர் 'கர்னல்'. குளியலறையில் வழுக்கி விழுந்து சிராய்த்த முட்டியை, யார் வந்தாலும் தடவிக்கொண்டே பேசினார். "மழை வரப் போகுது. இந்த முட்டி சொல்லுது," என்பார். நடையே மாறிவிட்டது. சம்சாரத்தைக் கூப்பிடுவதற்கு முன்னால் கையைத் தட்ட ஆரம்பித்தார்.

ஒரு நாள் அவள் மெஷினுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"என்னங்க, எனக்கு மெஷின் வேணும்."

"எதுக்கு?"

"பள்ளிக்கூடத்து ஆர்டர். பிள்ளைங்க சட்டைக்கு நானூறு பாக்கெட். ஒவ்வொண்ணுலயும் விளக்கும் புத்தகமும் தைக்கணும். திறக்கறதுக்கு இருபத்தி மூணு நாள்தான் இருக்கு. இன்னும் ஒண்ணுகூட ஆரம்பிக்கலை."

"பள்ளிக்கூடப் பாக்கெட்டா?" கர்னல் சிரித்தார். "சின்னப் பிள்ளைங்க மூக்கைத் துடைச்சுப் போடற பாக்கெட்டு. நான் இங்க ஒரு படையையே உருவாக்கிக்கிட்டு இருக்கேன்."

"அந்தப் பாக்கெட்டுலதான் ஏழு வருஷமா இந்த வீட்டு அடுப்பு எரியுது."

"இனிமே கழுகுல எரியும்."

"இந்த வருஷம் நேரத்துக்குக் குடுக்கலைன்னா அடுத்த தெருக்காரன்கிட்ட குடுத்துடுவாங்க. ஒரு தடவை கை மாறினா அவ்வளவுதான், நமக்குத் திரும்பி வராது. உங்க கழுகு எத்தனை நாளைக்குங்க? இன்னிக்குக் கழுகு, நாளைக்குக் குரங்கைப் போட்டுக்குவான். பள்ளிக்கூடம் வருஷா வருஷம் திறக்கும்."

"பட்டாளம் யாருக்காகவும் காத்திருக்காது!"

"நான் யாரோ இல்லை. இந்த மெஷினை வாங்கினதே என் நகையை வித்து..."

"உத்தரவு போட்டாச்சு!" என்று கையைத் தட்டினார்.

அவள் சட்டென்று திரும்பி உள்ளே போய்விட்டாள். இருபது வருஷம் குடித்தனம் பண்ணின மனுஷனுக்கு இது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து இன்னொரு டீ கேட்டார். மறுபேச்சில்லாமல் டீ வந்தது, சர்க்கரை தூக்கலாக. அப்போதாவது பயந்திருக்கலாம்.

சாயங்காலம், "பள்ளிக்கூடத்துல நிலைமையைச் சொல்லிட்டு வந்துடறேன்," என்று கிளம்பிப் போனாள். பள்ளிக்கூடம் ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கிறது. கடைக்காரர் அந்தப் பக்கம் போனதே கிடையாது. படிக்க வேண்டிய வயசிலேயே போகாதவர், பாக்கெட்டுக்காகவா போகப் போகிறார்?

மறுநாள் காலை பத்து மணி. கர்னல் புதுக் கழுகுச் சட்டையில், முட்டியைத் தடவிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருக்கிறார். வாசலில் நிழல் விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தால், ஒரு மீசை. மீசைக்குப் பின்னால்தான் ஆள் இருந்தார். தலையில் ஒருக்களித்துச் சாய்ந்த தொப்பி. முதுகில் பலகை வைத்துக் கட்டின மாதிரி விறைப்பு. ஷூவில் தெருவே தெரிந்தது. கழுத்தில் விசில். வந்தவர் கர்னலின் நெஞ்சையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க கழுகுப் படையா?"

கர்னல் வழக்கமான வைத்தியத்தைக் கையிலெடுத்தார். மின்கம்பத்துக்கு அப்பால் பார்த்துப் பெருமூச்சு விட்டார். மீசையும் திரும்பி மின்கம்பத்தைப் பார்த்தார்.

"அங்க என்ன?"

"ஒ... ஒண்ணுமில்லைங்க."

"அப்போ இங்க பாத்துப் பதில் சொல்லுங்க. படையில இருந்தீங்களா, இல்லையா?"

"அதாவது... இருந்தா என்னங்க, இல்லாட்டி என்னங்க?"

"இல்லாட்டி சிக்கல். அனுமதி இல்லாம படைச் சின்னத்தைத் தைச்சு வியாபாரம் பண்றது குத்தம். வண்டி வரும். சட்டை, நூல், இந்த மெஷின், எல்லாத்தையும் ஏத்துவாங்க. கடைசியா ஆளையும் ஏத்துவாங்க. இருந்தவர்னா வேற மாதிரிப் பேசலாம்."

கர்னலின் வாய் அவரைக் கேட்காமலே திறந்தது. "இருந்தேன்."

அந்தச் சொல் கடைக்குள் விழுந்த அதே நொடியில் உள்ளேயிருந்து சம்சாரம் டீயோடு வந்தாள். "வாங்கண்ணா, உக்காருங்க. டீ எடுத்துக்கங்க. தினமும் புலம்புவாரு, படையைத் தெரிஞ்சவங்க ஒருத்தராவது நம்ம வாசலுக்கு வர மாட்டாங்களான்னு."

"இருந்தீங்க. சரி," என்றார் மீசை, டீயைத் தொடாமல். "அப்போ, என்ன தப்புப் பண்ணீங்க?"

"தப்பா?"

"கழுகு இடப்பக்கம் பாக்குதே!"

கர்னல் குனிந்து பார்த்தார். தொப்பைதான் தெரிந்தது.

"படையில கழுகு வலப்பக்கம்தான் பாக்கும். தப்புப் பண்ணினவனுக்கு மட்டும் திருப்பி மாட்டி விடுவாங்க. தண்டனை முடியற வரைக்கும் கழுகு அவனைப் பாக்காதாம். இதுகூடத் தெரியாமயா அங்க இருந்தீங்க?"

"தெ... தெரியுமே! தெரியாம இருக்குமா?"

"அதான் கேக்கறேன். என்ன தப்பு?"

கர்னல் யோசித்தார். எதிரியைக் கூடுதலாக அடித்துவிட்டேன் என்று சொல்லலாமா? அதிகாரியை எதிர்த்துப் பேசினேன் என்று சொல்லலாமா? நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்குள் சம்சாரம் முந்திக்கொண்டாள்.

"சொல்லுங்களேன். என்கிட்ட சொல்லி அழுதீங்களே. காவல் நிக்கறப்போ தூங்கிட்டாராம்ணா."

"தூங்கினீங்களா?"

கர்னல் அவளைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். "கொஞ்சம்... கண் அசந்துட்டேன்."

"குறட்டையும் விட்டாராம். அதைக் கேட்டுத்தான் எதிரி ஓடிப் போனானாம். ஆனாலும் தப்பு தப்புதானேண்ணா?"

"தண்டனை எத்தனை நாள் பாக்கி?"

"எனக்கு ஞாபகம்..." என்று கர்னல் இழுத்தார்.

"இருபத்தோரு நாள்," என்றாள் அவள்.

மீசை தலையை ஆட்டினார். "பாக்கியை வெச்சுக்கிட்டு வெளியில வரலாமா? நாளையிலேருந்து காலையில அஞ்சு மணிக்கு ஆத்தோர மைதானத்துக்கு வந்துடுங்க. ஓட்டம், தண்டால், எல்லாம் நானே பக்கத்துல நின்னு பாத்துக்கறேன். மத்தியானத்துக்கு மேல, இந்தச் சட்டையை யார் யாருக்கு வித்தீங்களோ, வீடு வீடா போய் உங்க கையால கழுகைப் பிரிச்சு எடுக்கணும். ஏன்யா, தப்பே பண்ணாதவங்க நெஞ்சுல எல்லாம் தண்டனையை மாட்டி விட்டிருக்கீங்களே, நியாயமா?"

"எனக்கு முட்டியில காயங்க," என்றார் கர்னல் ஈனமாக.

"சண்டையிலயா?"

"ஆமாண்ணா, சோப்போட சண்டை," என்றாள் சம்சாரம்.

"அது ஓடினா சரியாயிடும். இன்னொண்ணு. அதுவரைக்கும் இந்த மெஷின் ஒரு கழுகுகூடத் தைக்கக் கூடாது."

"தைக்காதுண்ணா. நான் பாத்துக்கறேன்," என்றாள் அவள், ரொம்பப் பொறுப்பாக.

மீசை படியிறங்கும்போது கர்னலுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. எச்சிலை விழுங்கிக்கொண்டு கேட்டார். "சார்... நீங்க எந்த வருஷம் படையில..."

மீசை நின்றார். திரும்பினார். மின்கம்பத்துக்கும் அப்பால் எங்கேயோ பார்த்தார். மெதுவாக ஒரு பெருமூச்சு விட்டார்.

அந்தப் பார்வையைக் கர்னல் நூறு பேருக்குக் காட்டியிருக்கிறார். ஆனால் யாரும் அவருக்குக் காட்டியதில்லை. எதிரே நின்று வாங்கிப் பார்த்தால்தான் தெரிகிறது, அதில் எவ்வளவு கனம் என்று. உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்படியே நம்பிவிட்டார்.

மறுநாள் அஞ்சு மணிக்கு மைதானம். எட்டு மணிக்கு முன்னாலும் சூரியன் உண்டு என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டார். முதல் சுற்றில் நாக்கு வெளியே வந்தது. இரண்டாம் சுற்றில் முன்ஜென்மம் ஞாபகம் வந்தது. மூன்றாம் சுற்றில் சம்சாரத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். விசில்தான் பதில் சொன்னது. தண்டால் எடுக்கச் சொன்னபோது தரையில் படுத்தவர், எழுந்திருக்கிற பாதியை விட்டுவிட்டார்.

"இப்படித்தான் அங்கயும் தூங்கினீங்களா?" என்றார் மீசை.

"இப்பவும் தூக்கம்தான் சார் வருது."

"ரெண்டு நாள் சேத்துக்கவா?"

எழுந்துவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பினால், உள்ளே மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. வாசல்படியிலேயே உட்கார்ந்தார். "என்ன தைக்கறே?"

"சும்மாதானே கெடக்குன்னு பாக்கெட்டு தைக்கறேங்க. கழுகு தைச்சாத்தானே தப்பு? விளக்கும் புத்தகமும் எந்தப் படைக்கும் சொந்தமில்லையே."

ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாய்க்கு முன்னால் கண் மூடிக்கொண்டது.

ஓட்டமாவது பரவாயில்லை. மத்தியானத்து வேலைதான் மானத்தை வாங்கியது. தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போனார்.

"டாக்டர், அந்தக் கழுகைக் கொஞ்சம் பிரிச்சு எடுத்துக்கணும்."

"ஏன்? நல்லாத்தானே இருக்கு. நேத்துகூட ஒருத்தன் ஊசி போடாமலே பல்லைக் குடுத்தான்."

"அது... தண்டனைச் சின்னம் டாக்டர். இடப்பக்கம் பாக்குது பாருங்க. தப்புப் பண்ணினவங்க போட்டுக்கிறது."

"யாரு பண்ணினது தப்பு?"

"நான்தான். காவல் நிக்கறப்போ தூங்கிட்டேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "தூங்கினது நீங்க. தண்டனை எனக்கா? நான் மூணு சட்டை வாங்கியிருக்கேன்! மூணு தண்டனையா? வாயைத் திறங்க."

"எதுக்கு டாக்டர்?"

"சும்மா பாக்கறேன்," என்றார் டாக்டர், பல் பிடுங்குகிற குறட்டை எடுத்துக்கொண்டே. கடைக்காரர் மூன்று கழுகையும் நின்ற இடத்திலேயே, வாயை இறுக மூடிக்கொண்டு பிரித்துக் கொடுத்தார்.

சலூனில் இன்னும் மோசம்.

"அண்ணே, சட்டையைப் பிரிச்சுடுவீங்க. அந்தப் போட்டோவை எப்படிண்ணே பிரிப்பீங்க?" சலூன்காரர் சுவரைக் காட்டினார். "ஊரே வந்து முடி வெட்டிக்கிட்டு அதைப் பாத்துட்டுப் போகுது. ஒரு மாசமா நான் தூங்குமூஞ்சின்னு எழுதியில்ல மாட்டி வெச்சிருக்கேன்?"

"தெரியாம நடந்து போச்சுப்பா."

"உங்களுக்குத் தெரியாம தூக்கம் வந்துச்சு, சரி. சண்டையில நீங்க தூங்கிட்டு, எங்ககிட்ட மட்டும் முட்டியைத் தடவிக் காட்டினீங்களே! நான் அன்னிக்கு அழுதேன்ணே. கடையைச் சாத்திட்டு அழுதேன்."

இப்படியே வீடு வீடாக, கடை கடையாக. போகிற இடத்தில் எல்லாம் தூங்கிய கதையைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் யாரும் சட்டையைக் கழற்றிக் கொடுக்கவில்லை. கழுகை நெஞ்சில் மாட்டிக்கொண்டு ஒரு மாசம் புலி மாதிரி நடந்த ஆட்கள், அது தண்டனை என்று தெரிந்ததும் சட்டையையே கதவிடுக்கு வழியாக நீட்டினார்கள். ஒருத்தராவது, அந்தப் பேட்ஜைச் சரியாகச் சம்பாதித்தவர்கள் யார், அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டதாகத் தெரியவில்லை. பக்கம் மாறின கழுகு தங்களுக்கு அவமானம் என்பதுதான் அவர்கள் கவலை. பத்தாம் நாள் ஊருக்குள் 'கர்னல்' போய்விட்டது. 'குறட்டை' வந்துவிட்டது.

ஆனால் ஒன்று. தொப்பை இறங்கியது. முட்டி மழையைப் பற்றி வாயே திறக்கவில்லை. பதினெட்டாம் நாள் அவர் ஐந்து சுற்று ஓடிவிட்டு, ஆறாவதுக்குத் தானாகவே கிளம்பினார். வீட்டில் பாக்கெட்டுகள் நூறு இருநூறாக ஏறிக்கொண்டே போயின. அவர் பிரிக்க வேண்டிய கழுகு குறையக் குறைய, அவள் தைத்த விளக்கு கூடிக்கொண்டே வந்தது.

இருபத்தோராம் நாள் காலை, மைதானத்தில் மீசை அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"முடிஞ்சுது. உங்க கழுகு நேராயிடுச்சுன்னு வெச்சுக்கங்க. இனிமே அதை யார் நெஞ்சுலயும் மாட்டாதீங்க, உங்க நெஞ்சு உட்பட."

கடைக்காரர் விறைப்பாக நிமிர்ந்து நின்றார். "சார், உங்களை மாதிரி ஒரு வீரர்கிட்ட தண்டனை வாங்கினதே எனக்குப் பெருமை சார்," என்றார். உண்மையாகவே சொன்னார். மீசை மின்கம்பத்தைத் தேடினார். மைதானத்தில் மின்கம்பம் இல்லாததால் ஆற்றைப் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் சம்சாரம் நானூறு பாக்கெட்டையும் இரண்டு மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்திருந்தாள்.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்குதுங்க. இன்னிக்கே குடுத்துடணும். ஒரு மூட்டையை நீங்க தூக்கிக்கங்களேன்."

"ரெண்டையும் குடு," என்றார். தூக்கினார். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஊருக்கு அந்தக் கோடி வரைக்கும் மூச்சு வாங்காமல் நடந்தார். வழியெல்லாம் மீசையின் பெருமைதான். "பாரேன், வீரன்னா அவன் வீரன். ஒரு வார்த்தை தன்னைப் பத்திப் பேசினதில்லை. எத்தனை சண்டை பாத்திருப்பாரு! அந்த நிமிர்வு சட்டையால வராது. உள்ள இருக்கணும்."

"ஆமாங்க," என்றாள் அவள்.

பள்ளிக்கூட வாசலில் நுழைந்ததும் மூட்டை இரண்டும் தாமாகக் கீழே இறங்கின.

திறப்பு நாளுக்காக ஒத்திகை பார்க்க வந்த சின்னப் பிள்ளைகள் மைதானத்தில் நாலு வரிசையாக நின்றன. முன்னால் அதே தொப்பி. அதே விசில். அதே மீசை.

"டிரில் சார்! டிரில் சார்! இவன் என் காலை மிதிக்கறான் சார்!" என்று ஒரு பெண் குழந்தை கத்தியது.

"ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க," என்றார் மீசை. வாசலில் நின்ற கடைக்காரரைக் கண்டதும் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துவிட்டு, மறுபடி பிள்ளைகள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைக்காரர் மெதுவாகச் சம்சாரத்தின் பக்கம் திரும்பினார். "அவர்... இங்க..."

"போன மாசம்தான் புதுசா வேலைக்குச் சேந்தாராம். பாக்கெட்டு தாமதமாகும்னு சொல்ல அன்னிக்கு வந்தேன் இல்லையா? பெரிய டீச்சர் ரூம்ல இவரும் இருந்தாரு. என் கஷ்டத்தைக் கேட்டுட்டு, நான் ஏதாவது உதவி பண்ணட்டுமாம்மான்னாரு. நல்ல மனுஷன்."

"அப்போ பட்டாளம்?"

"போனாராம். பாதம் தட்டையா இருக்குன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்களாம். இன்னிக்கும் சொல்றப்போ மனுஷனுக்கு முகம் வாடிப் போகுது."

"இடப்பக்கக் கழுகுத் தண்டனை?"

"பாத்திரம் தேய்க்கறப்போ தோணிச்சு. நீங்கதான் கழுகுக்குக் கழுத்து இருக்குன்னீங்க."

"அனுமதி இல்லாட்டி வண்டி வரும்னது?"

"அது நெசம். அது ஒண்ணு மட்டும் நான் கட்டின கதை இல்லை."

கடைக்காரருக்கு முகம் சிவந்தது. இருபத்தோரு நாள் ஓட்டமும் ஒரே நேரத்தில் காலில் வலித்தது. ஊர் முழுக்கத் தூங்காத தூக்கத்தைத் தூங்கினேன் என்று சொல்லி அலைந்தது ஞாபகம் வந்தது. "விட மாட்டேன்!" என்று கத்தினார். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன. "பட்டாளத்துக்காரன் மாதிரி வேஷம் போட்டு ஒருத்தனை ஏமாத்தினா அது குத்தம்! புகார் எழுதப் போறேன்!"

"பட்டாளத்துக்காரன்னு அவர் ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொன்னாராங்க?"

கடைக்காரர் யோசித்துப் பார்த்தார். பெருமூச்சுதான் ஞாபகம் வந்தது. "சொல்லாட்டி என்ன? அந்தத் தொப்பி! அந்த மீசை! பாக்கறவன் என்னன்னு நினைப்பான்? புகார் எழுதியே தீருவேன்!"

"தாராளமா எழுதுங்க," என்றாள். பள்ளிக்கூட அறைக்குள் போய்க் கேட்டு வாங்கி, ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டு வந்து கொடுத்தாள். குனிந்து தன் முதுகையும் மேஜையாகக் காட்டினாள். "முதல்ல புகார் குடுக்கறவர் யாருன்னு எழுதணும். அப்பதான் எடுத்துக்குவாங்க."

அவர் 'கர்னல்' என்று ஆரம்பித்தார். அடித்தார். 'முன்னாள்' என்று எழுதினார். முன்னால் எதுவாக இருந்தோம் என்று யோசித்து, அதையும் அடித்தார். 'எம்பிராய்டரி மெஷின் உரிமையாளர்' என்று எழுதப் போனபோது அவள் முதுகு லேசாக அசைந்தது. பேனா நின்றுவிட்டது.

"என்னன்னு போடறது?" என்று கேட்டார், குரல் இறங்கி.

"என் புருஷன்னு போடுங்க," என்றாள் அவள், குனிந்தபடியே. "அது ஒண்ணுக்குத்தான் உங்ககிட்ட முறையான பேப்பர் இருக்கு."